நிறம் போன தண்ணீர்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் அழகு நடத்தும் சாயத் தொழிற்சாலையில் கழிவுநீர் முழுவதும் வசந்தினியின் பொறுப்பு. இருவரும் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த நண்பர்கள்.

அங்கே கரித் தொட்டி முன்பிருந்தே உண்டு. கரி சாயத்தை உறிஞ்சும். சீக்கிரமே நிரம்பி வீணாகிவிடும். வசந்தினி வேறு வழி தேடினாள். துணி வெளுக்க வாங்கும் பெராக்சைடைக் கழிவுநீரில் அளவாகக் கலந்து, கிளர்வூட்டிய கரியின் ஊடே விட்டுப் பார்த்தாள். கரி வினையூக்கியாக நின்று பெராக்சைடைத் தூண்ட, சாயமே உடைந்து போயிற்று. ஆய்வுக்கூடத்தில் அது பலமுறை பலித்தது. அன்றுதான் பெரிய தொட்டியில் முதல் ஓட்டம்.

மத்தியானம் கரியைத் தாண்டி, சேமிப்புத் தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீர் வந்தது. உள்ளே போனது கத்தரிப்பூ நிறம். வெளியே வந்ததில் நிறமே இல்லை. அழகு ஒரு கிளாஸில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினான்.

"அலமாக்! கண்ணாடி மாதிரி இருக்கு லா. வால்வைத் தொற, ஆத்துக்குப் போகட்டும்."

வசந்தினிக்கும் கை பரபரத்தது. மாதக்கணக்கில் அவள் காத்திருந்த தண்ணீர் அது. இருந்தாலும் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் தாளை எடுத்து முக்கினாள். தாள் கருநீலமானது. இன்னொன்றை முக்கினாள்; அதுவும் அப்படியே.

"தொறக்க முடியாது அழகு. பெராக்சைடு நிறைய மிச்சம் இருக்கு. மீனெல்லாம் செத்துடும்."

"ஆய்வுக்கூடத்துல சரியாத்தானே வந்துச்சு?"

"அங்க மெதுவா விட்டேன். இங்க ரெண்டு மடங்கு வேகத்துல ஓடுது. கரியில நிக்க நேரமே இல்ல. பம்ப்பைக் குறைக்கணும்."

"குறைச்சா கழிவுத் தொட்டி நிரம்பிடும். சாய மெஷினை நிறுத்தணும். சிங்கப்பூர் சரக்கு நாளைக்குப் போகணும், தெரியும்தானே?"

"தெரியும்."

"நீ என் கூட்டாளிதானே?"

"கூட்டாளிதான். அதனாலதான் சொல்றேன்."

ஆற்றுக்குப் போகும் வால்வை இன்னும் இறுக்கினாள். இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்; இந்த நட்பு போனால் கிடைக்காது. அழகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மெஷின்கள் இருக்கும் பக்கம் போனான்.

சற்று நேரத்தில் சாய மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

வசந்தினி பம்ப்பின் வேகத்தைப் பாதிக்குக் கீழே குறைத்து, பிடித்து வைத்த தண்ணீரை மறுபடி கரிக்குள் அனுப்பினாள். முதலில் தாள் நீலம் காட்டியது, பிறகு வெளிர்நீலம். பொழுது சாயும் வேளையில் அது வெள்ளையாகவே நின்றது. மற்ற சோதனைகளையும் முடித்த பிறகே அவள் வால்வைத் திறந்தாள்.

மறுநாள் சரக்கு போகவில்லை. சிங்கப்பூர்க்காரர் தொலைபேசியில் கத்தியது அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"தப்பு என்னோடதுதான் சார். தொட்டி தாங்குற அளவுக்கு மேல ஆர்டர் எடுத்துட்டேன்" என்றான் அழகு.

தொலைபேசியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னொரு கரித் தொட்டி வச்சா வேகமா விடலாமா?"

"விடலாம். ஆனா அதையும் சோதிச்சுப் பார்த்துத்தான் தொறப்பேன்."

"சரி லா" என்றான். முகத்தில் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது.