ஒன்பதையும் மாட்டியாகிவிட்டது

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அலமாரிக் கதவின் உட்பக்கத்தை நான் எடுத்த புகைப்படத்திலிருந்து வந்தது. கைப்பேசியில் எடுத்தது. கொஞ்சம் கோணல், வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். அதை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. என் அக்காவும் என்னோடு மனிதர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்திருப்பாள். இப்போது திட்டுவதற்கு மட்டும் வாய் திறக்கிறாள். இலக்கியத்துக்கு லாபம், எனக்கு நட்டம்.

(கடைசி வாக்கியத்தை அவள் பார்த்தால் அடிப்பாள். இருக்கட்டும். இப்போதைக்குக் கதையில் சிரிப்பு என்று இருப்பது அது ஒன்றுதான்.)

2.

முதல் தொடக்கம்: ‘அதிகாலையின் பொன்னொளியில் அந்தச் சிவப்புக் கார் ஒரு சிறுத்தையைப் போலப் பதுங்கி’

வேண்டாம். கார் சிவப்பு இல்லை, ஈர சிமெண்ட் நிறம். சிறுத்தையும் இல்லை. வாங்கிய புதிதில் சளி பிடித்த ஆடு மாதிரி இருமியது.

இரண்டாவது தொடக்கம்: ‘பெண்களுக்கும் காரின் மீது ஆசை வரக்கூடும் என்பதை இந்தச் சமூகம் என்றைக்கு’

இதை எழுதிய கைக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தேன்.

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: அக்கா பல் கட்டும் லேப்பில் வேலை பார்க்கிறாள். மருத்துவர் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்வாள். ஒரு முடி கனம் உயரம் கூடினாலும் அந்த வாய் ராத்தூக்கம் தூங்காது என்பாள். தேய்ப்பாள், பொருத்துவாள், மறுபடி தேய்ப்பாள். இப்படிப்பட்டவள் ஒரு கார் வாங்கினாள். இரண்டு கதவு, டர்போ இன்ஜின், வேகத்துக்கென்றே செய்த வண்டி. இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போய் விற்றது.

3.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு தடவைக்கு ஒன்று.

ஒரு பொருளை மாற்றுவாள். அடுத்த ஞாயிறு காலை அதே நாற்பத்தோரு கிலோமீட்டர்: பெட்ரோல் பங்கில் தொடங்கி, கல்குவாரி வளைவு தாண்டி, பாலம் வரை போய்த் திரும்புவது. பாட்டு கிடையாது, பக்கத்தில் ஆள் கிடையாது. வந்ததும் நோட்டில் ஒரு குறிப்பு. டயர் மாற்றிய ஞாயிறு: “ரோடு இப்பத்தான் என்கூடப் பேசுது.” பிரேக் பேட் மாற்றியபோது: “முன்னாடி யோசிச்சு நின்னுச்சு. இப்பக் கேட்டதும் நிக்குது. ஆனா முன்பக்கம் கீழ அமுங்குது.”

அந்த ‘ஆனா’வுக்காகத்தான் எல்லாமே. முன்பக்கம் அமுங்குகிறதா? அடுத்தது ஸ்பிரிங். ஸ்பிரிங் மாற்றியதும் எழுதினாள்: “வளைவுல வண்டி சாயல. நான்தான் சாயறேன்.” ஆக, உடம்பைக் கட்டிப்பிடிக்கும் சீட். சீட்டில் நிலையாக உட்கார்ந்த பிறகுதான் இன்ஜின் மூச்சுக்குத் திணறுவது காதில் விழுந்தது. ஏர் ஃபில்டர். மூன்று வருஷத்தில் ஐந்து பொருள். ஒன்று வந்து உட்கார்ந்ததும் அடுத்த குறை வாய் திறக்கும். அந்த வாயைத் திறக்க வைப்பதற்காகவே அவள் ஓட்டினாள். எட்டாத உயரத்தில் மிட்டாய் டப்பாவை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாகத் திரியும் பிள்ளை மாதிரி.

(இந்த உவமை சரியில்லை. அக்காவே மாட்டியது என்றால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றியிருப்பாள். நான் விட்டுவைக்கிறேன்.)

அவளுடைய மெக்கானிக்குக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். பானெட்டைத் திறக்கும் முன் அரை நிமிஷம் கண்ணை மூடி நிற்பார்.

“அவசரம் ஒண்ணும் இல்லையேம்மா?”

“அவசரம்னா உங்ககிட்ட வருவேனாண்ணே?”

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த பட்டியலில் இன்னும் ஒன்பது மிச்சம். அவற்றில் மூன்றுக்கு எதிரே கேள்விக்குறி. கடைசியில் ‘ஸ்பாய்லர்’, டிக்கி மேல் நிற்கும் அந்த இறக்கை. காது கிண்டலுக்குச் சொன்னதை அக்கா கிண்டலுக்கு எழுதி, வலது ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருந்தாள்: “செத்தாலும் வேண்டாம்.”

வலது ஓரம். ஆமாம், அதே ஓரம்தான்.

4.

அக்காவின் கணவர். அத்தான். இவரை வில்லனாக்க மூன்று நாள் முயன்றேன். மீசையைக் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன், அவருக்கு மீசையே இல்லை. நல்ல மனிதர். கட்டடங்களை உரிய தேதிக்குள் முடித்துச் சாவியை ஒப்படைப்பது அவர் வேலை. ‘முடிச்சாச்சு’ என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெளிச்சம் வேறு எதற்கும் வராது.

லேப்புக்கு வந்த புது இயந்திரம் பழக அக்கா பன்னிரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள். அவர்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரியில் படிக்கிறேன். அத்தான் வேலையிடத்திலிருந்து எனக்குப் போன் செய்தார்.

“டேய், உங்கக்கா ஒரு லிஸ்ட் ஒட்டி வச்சிருக்கால்ல? போட்டோ எடுத்து அனுப்பு.”

“எதுக்கு அத்தான்?”

“கேக்காத. சர்ப்ரைஸ்.”

அனுப்பினேன்.*

* ஒரு கையில் தட்டு இருந்தது. அதனால்தான் கோணல். இது விளக்கம், மன்னிப்பு இல்லை.

காது வண்டியைத் தொட மறுத்துவிட்டார். “அந்தம்மா சொல்லட்டும்” என்றாராம். அதனால் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடைக்குப் போனது. ஐந்து ஆட்கள், நான்கு நாள்.

5.

“இப்பக் கண்ணைத் திற.”

திறந்தாள். முதலில் தெரிந்தது ஸ்பாய்லர். டிக்கி மேல் துணி காயப்போடும் கம்பி மாதிரி நின்றது.

“என்னங்க இது?”

“ஒன்பதும்! லிஸ்ட்ல இருந்த ஒன்பதும். முடிச்சாச்சு!”

“கேள்விக்குறி போட்டிருந்தேனே.”

“அதையும் முடிச்சாச்சு.”

அக்கா டிக்கியைத் திறந்து அடிப்பக்கம் விரலால் தடவினாள். “ஓட்டை போட்டாங்களா?”

“நாலே நாலு.”

சாவியை வாங்கிக்கொண்டு போனாள். நாற்பத்தோரு கிலோமீட்டர். நானும் அத்தானும் வாசலில் நின்றோம். அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி?” என்றார் அத்தான்.

“நல்லா இருக்கு.”

கை தட்டினார் பாவம்.

“நல்லா இருக்குன்னுதான் சொல்றேன். எதனால நல்லா இருக்கு? சொல்லுங்க பாப்போம்.”

“எல்லாத்தாலயும்தான்.”

“அதைத்தான் கேக்கறேன். எது என்ன பண்ணுது? வளைவுல அப்படி ஒட்டிக்கிட்டுப் போகுதே, அது புது ஷாக் அப்சார்பரா, அடியில மாட்டின கம்பியா? அந்தச் சத்தம் சைலன்சரா, டர்போவா? எனக்குத் தெரியல. இனிமே தெரியவும் தெரியாது. இன்னும் அஞ்சு வருஷம் மிச்சம் இருந்துச்சுங்க அந்தக் கதவுல. எனக்குன்னு வச்சிருந்த அஞ்சு வருஷம். நாலு நாள்ல தின்னுட்டீங்க.”

“வேற எவன் செய்வான் பொண்டாட்டிக்கு இப்படி?”

“எவனும் செய்யாம இருந்திருக்கலாம்.”

அத்தான் டீயைக் கீழே வைத்தார். “மூணு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இந்த வாசல்ல டீயும் கையுமா நிக்கறேன். முடிஞ்சுட்டா நீ வீட்ல இருப்பேன்னு நெனச்சேன். அது தப்பா?”

அக்கா அவரைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஓ. அப்ப இது எனக்குக் குடுத்தது இல்ல.”

பிறகு: “போட்டோ எடுத்தது யாரு?”

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். என்னைப் பார்த்தார்.

6.

கொஞ்சம் கட்டுரை. வேண்டாதவர்கள் ஏழுக்குப் போகலாம்.

ஒருவன் உங்கள் காரைக் கல்லால் அடித்தால் கத்தலாம், தெருவே கூடக் கத்தும். ரிப்பன் கட்டிக் கெடுத்தால்? சாயங்காலத்துக்குள் பெரியம்மா போனில் வந்துவிட்டாள்: “இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி.” எதிர்வீட்டுக்காரர் ஸ்பாய்லரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். லேப்பில் கூட வேலை பார்க்கிறவள் சொன்னாள், “எங்க வீட்டுல இருக்கறது பல்பு மாத்தச் சொன்னாலே பத்து நாளாகும்.” பரிசு வாங்கியவளுக்குக் கோபப்பட அனுமதி இல்லை. கோபப்பட்டால் திமிர். அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று அவர்களே பெயர் வைத்துவிடுவார்கள். ஒரு மனுஷி மெதுவாக, தானாக, தப்பும் சரியுமாகச் செய்துகொண்டிருப்பதைப் பிடுங்கி முடித்துக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்த்து நிற்கிற இந்த உலகத்தை

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் கல்லூரி மலரில் போடமாட்டார்கள்.)

7.

முடிவு அ: அக்கா ஒன்பதையும் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, மாதம் ஒன்றாக மறுபடி மாட்டுகிறாள்.

முடிவு ஆ: வண்டியை விற்றுவிட்டு, இருமுகிற இன்னொரு வண்டி வாங்கி முதலிலிருந்து தொடங்குகிறாள்.

முடிவு இ: ஒரு ஞாயிறு அத்தான் பக்கத்து சீட்டில் ஏறுகிறார். கல்குவாரி வளைவில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். பாலத்தில் வண்டி நிற்கிறது. அவர் மெல்லக் கேட்கிறார், “இதுல எது எதனாலன்னு எனக்கும் சொல்லித் தரியா?” அவர் கண் கலங்குகிறது. அவள் சிரிக்கிறாள்.

இ-யை எழுதிவிட்டு நானே கொஞ்சம் அசந்துபோனேன். முழுக் கதையையும் நல்ல தாளில் அச்செடுத்து, ஓரம் தைத்து, அக்கா லேப்பிலிருந்து வரும் நேரமாகப் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சமாதானத்துக்கு. ஆமாம், சர்ப்ரைஸாக.

நின்றபடியே படித்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். ‘அ’வுக்குப் பக்கத்தில்: “பிரிச்சுப் படிச்ச லெட்டரை ஒட்டி வச்சு மறுபடி பிரிக்கணுமா?” ‘ஆ’வுக்குப் பக்கத்தில்: “தப்பு பண்ணினது நீங்க, வண்டியை இழக்கறது நானா?”

‘இ’யை இரண்டு தடவை படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்க.”

“தேங்க்ஸ்க்கா.”

“ஸ்பாய்லரும் மாட்டியிருக்க.”

“எங்கக்கா?”

“அவர் கண்ணு கலங்குது பாரு, அங்க.” தாளை என் பக்கம் தள்ளினாள். “வண்டியை அவர் முடிச்சுக் குடுத்தாரு. என் கோவத்தை நீ முடிச்சுக் குடுக்கறியா? அந்தக் கோவமாவது என்கிட்ட இருக்கட்டும்டா.”

8.

ஆகவே மூன்று முடிவுகளும் கழற்றப்பட்டன. கழற்றிய இடம் தெரியட்டும் என்றுதான் மேலே விட்டு வைத்திருக்கிறேன்.

இன்றைய நிலவரம்: கோபம் தீரவில்லை. அத்தானோடு பேசுகிறாள், உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்கு. ஸ்பாய்லரை மட்டும் தானே கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டாள். டிக்கியில் நான்கு ஓட்டை. மழை வந்தால் உள்ளே இறங்கும். கண்ணாடிச் சுவர்க் கடைக்காரர்கள் நான்கையும் ஒரு மணி நேரத்தில் அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அக்கா போனை வைத்துவிட்டாள்.

போன வாரம் லேப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தாள். ஈறு செய்கிற ரோஜா நிறப் பிசினில் வார்த்த ஒரு குமிழ். இடது ஓர ஓட்டையில் வைத்தாள், எடுத்தாள், தேய்த்தாள், மறுபடி வைத்தாள். பல் உட்காருவது போல உட்கார்ந்தது. மற்ற மூன்றின் மேலும் டேப் ஒட்டியிருந்தது.

“மிச்சத்தையும் சேத்துச் செஞ்சிருக்கலாமேக்கா” என்றேன்.

பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு காலை நாற்பத்தோரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாள். வாசலில் டீயோடு நின்றவரைத் தாண்டி நேராக மாடிக்குப் போய் நோட்டில் ஏதோ எழுதினாள். ஒரு குமிழால் என்ன மாறியிருக்க முடியும்? ‘ஆனா’ இருந்ததா? உங்களைப் போலத்தான் எனக்கும் தெரியவில்லை. நீங்கள் கெட்டிக்காரர்கள், உங்களிடம் நல்ல முடிவு இருக்கும். தயவுசெய்து அதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு அலமாரியில் இருக்கிறது. கதவு சாத்தவில்லை. வீட்டில் யாரும் இல்லை. கைப்பேசி என் சட்டைப் பையில் இருக்கிறது.

அங்கேயே இருக்கட்டும்.