நான் அழித்த இரண்டு வரிகள்

ஆய்வகக் கதவில் அட்டையைத் தேய்த்தால், அதிலுள்ள பெயரைக் கணினி படிக்க வேண்டும். அதற்கான டிரைவர் நிரலை இயங்குதளத்தின் உயிர்நாடியான கர்னலுக்குள் ஒழுங்காக எழுதும் ஒருவருக்கு ஆய்வகத்திலேயே வேலை என்று அதன் பொறுப்பாளர் மேடம் அறிவித்திருந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: நானும் என் அறைத்தோழன் ஒல்லியும். மூன்று வருடமாக ஒரே சோப்பில் குளிக்கிறோம். அதில் ஒன்றைக்கூட அவன் வாங்கியதில்லை. அது வேறு விஷயம்.

பெயருக்காக நான் கர்னலில் ஒதுக்கியது அறுபத்து நான்கு எழுத்துக்கான இடம். அதைவிட நீளமாக வந்தால் மிச்சம் பக்கத்து நினைவகத்தில் போய்ப் பாய் விரித்துவிடும். அங்கே குடியிருப்பது கர்னலின் சொந்தக் கணக்குவழக்கு. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் மொத்தக் கணினியும் மண்ணைக் கவ்வும். அதனால் நகலெடுக்கும் முன் நீளத்தைப் பார்த்து, மீறினால் விரட்டிவிடும் இரண்டு வரிகளை எழுதியிருந்தேன்.

ஒருவர் எழுதியதைக் கதவில் பொருத்தும் முன் மற்றவர் படித்துச் ‘சரி’ போட வேண்டும் என்பது மேடத்தின் விதி. ஒல்லி என் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து படித்தான்.

“மச்சான், இந்த ரெண்டு வரி எதுக்கு?”

“நீளம் பாக்க.”

“அட லூசு! அட்டையிலேர்ந்து பேரை எடுத்து அனுப்புறதே நான் எழுதின புரோகிராம்தானே? நம்ம ரெண்டு பேருக்கும் அதுதானே பொது? நான் அங்கயே நறுக்கித்தான் அனுப்புறேன். ஒரே ஆளை வாசல்ல ஒரு தடவை, கூடத்துல ஒரு தடவை சோதனை போடுவியா?”

“இருந்துட்டுப் போகட்டுமேடா.”

“என்மேல நம்பிக்கை இல்லேன்னு சொல்லு, போயிடறேன்.”

வெளியிலிருந்து வரும் எதையும் கர்னல் நம்பக் கூடாது. பாடப்புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டவன் நான். ஆனால் அதில் ‘எதையும்’ என்றுதான் இருந்தது. ஒல்லியின் பெயர் இல்லை. அழித்தேன்.

சோதனையன்று மேடம் அட்டையைத் தேய்த்தார். பெயர் அழகாக வந்தது.

“யாராவது உடைச்சுப் பாக்கறீங்களா?”

கை தூக்கியவன் ஒல்லி. தன் புரோகிராமைத் திறந்து, ‘அ’ மேல் விரலை வைத்து, ஜன்னலை வேடிக்கை பார்த்தபடி அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு அனுப்பினான். அது எதையும் நறுக்கவில்லை. திரை கறுத்தது.

“வெளியிலேர்ந்து வர்ற எதையும் கர்னல் நம்பக் கூடாது மேடம்,” என்றான், ரொம்ப வருத்தத்தோடு.

அடுத்து அவனுடைய டிரைவர். அதே ‘அ’ வரிசை வாசலிலேயே விரட்டப்பட்டது. மேடம் நிரலைத் திரையில் காட்டச் சொன்னார். என் இரண்டு வரிகள் அங்கே சௌக்கியமாக இருந்தன. அவற்றின் தலைமேல் நான் எழுதி வைத்திருந்த குறிப்பும் இருந்தது: ‘தயவுசெய்து இதை யாரும் எடுத்துவிடாதீர்கள்.’

வேலை அவனுக்கு.

மாலையில் மடிக்கணினியோடு என் கட்டிலுக்கு வந்தான்.

“கோவமா மச்சான்?”

“சேச்சே.”

“போட்டின்னா அப்படித்தான்டா. நாளைக்கு என் டிரைவரைக் கதவுல பொருத்தணும். இதைப் படிச்சு ஒரு ‘சரி’ போட்டுடேன். விதி இருக்குல்ல?”

படித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

“மச்சான், இந்த ரெண்டு வரி எதுக்கு?”

அவன் கை பாய்ந்து விசைப்பலகையை மூடியது. “டேய், அதை மட்டும் தொடாதே!”

மூன்று வருடத்தில் அவன் என்னிடமிருந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

வரிகளில் ஒரு குறையும் இல்லை. ‘சரி’ போட்டேன். பிறகு எழுந்து போய், சோப்பை எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.