இடது கால் பூட்ஸ்

டெலியா மூன்றாவது முறையாகச் செருப்புக் கடை வாசலில் வந்து நின்றபோது, ஃபெஸ்டி எப்போதோ முடிந்துபோன பூட்ஸைத் திரும்பவும் அச்சுக்கட்டையில் மாட்டிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஆகலியா? இந்நேரம் ஒரு சர்ச்சே கட்டி முடிச்சிருப்பாங்க."

"மழைக்குத் தோல் காயல, டெலியா."

"நம்ம கொனமாராவுல மழை என்னிக்குப்பா விட்டிருக்கு?"

அவளுக்குப் பிறவியிலேயே இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. பத்து வருஷமாக அவன்தான் அந்தப் பாதத்துக்குத் தக்கையை அடுக்கி, அடித்தோல் வைத்துத் தைத்துக் கொடுக்கிறான். இந்த முறை, நாள் முழுக்க நிற்கிற மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தாள். கால்வே நகரத்தில் ஒரு தையல்கடையில் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்றைய பஸ்ஸை விட்டால் அடுத்தது புதன்கிழமைதான். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள்.

"ஃபெஸ்டி, நிமிந்து பாரு. எப்ப முடிஞ்சுது?"

பார்த்தான். பொய் வரவில்லை.

"பத்து நாளாச்சு."

அவள் முக்காலியில் உட்கார்ந்து பழையதைக் கழற்றினாள். புதிதை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். "நல்லாருக்கு" என்றாள். ஆனால் திரும்பும்போது உதட்டைக் கடித்ததை அவன் பார்த்துவிட்டான். கணுக்காலில் தையல் உரசுகிறது. நாலு நாள் நின்றால் புண்ணாகும். பதினைந்து நாளில் ஊர் திரும்பிவிடுவாள். அவன் சும்மா இருந்தால் போதும்.

"கழட்டு."

"பஸ் போயிரும்!"

"கழட்டுன்னு சொல்றேன்ல."

தையலைப் பிரித்து, மேடு தட்டாமல் மறுபடி தைத்தான். அவசரத்தில் ஊசி இரண்டு முறை தவறியது.

"நீ கேட்டிருக்கலாம்" என்றாள் டெலியா திடீரென்று.

"என்னத்த?"

"என்னவோ. ஏதாவது ஒண்ணு."

மெழுகு நூல் பல்லிடுக்கில் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவன் குனிந்தே இருந்தான். பாலத்துப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நூலை அறுத்து பூட்ஸை நீட்டினான். அவள் அதை மாட்டிக்கொண்டு, கயிற்றைக்கூடச் சரியாகக் கட்டாமல், வாசலில் வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஃபெஸ்டி வாசலுக்கு வந்தபோது அவள் வெகுதூரம் போயிருந்தாள். ஊரே சுற்றிப் போகிற மழைநீர்க் குட்டையை அவள் சுற்றவில்லை, நடுவிலேயே நடந்தாள். பஸ் படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். டிரைவர் ஏதோ சத்தம் போட்டான். மழைத் திரைக்குப் பின்னால் அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியவில்லை. ஃபெஸ்டி தலையில் எதுவும் போடாமல் பஸ்ஸை நோக்கித் தெருவில் இறங்கினான்.