மாமாவுக்கு விடுதலை

என் தம்பி யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்க மாட்டான். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டம் ஓட்டுறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பான். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் நீங்கள் மனுஷர். காசு கொடுத்து வாங்கிய கம்பெனி சிஸ்டம் என்று சொல்லிவிட்டாலோ, அவன் முகத்தில் ஒரு இரக்கம் வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துக்க வீட்டில்கூட அவன் அப்படி முகத்தை வைத்துக்கொண்டதில்லை.

அவனுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் 'அடிமை'. "எங்க அக்கா வீட்டுலயே ரெண்டு அடிமை இருக்காங்க" என்று இவன் சொல்வானாம், எல்லாரும் சிரிப்பார்களாம். அதை வீட்டுக்கு வந்து என்னிடமே பெருமையாகச் சொல்வான்.

என் வீட்டுக்காரர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் விலை கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாதான் ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு புரோகிராமில் வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிந்துவிட்டால், அது அவர் குரலையே உருவாக்கிக்கொள்ளும். அப்புறம் அவர் என்ன தட்டினாலும் அந்தக் குரலிலேயே லேப்டாப் பேசும்.

மனுஷன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற உட்கார்ந்து படித்தார். வலியில் நடுநடுவே தொண்டையைப் பிடித்துக்கொள்வார். எச்சில் விழுங்கிவிட்டு மறுபடியும் படிப்பார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று முதன்முதலாகத் தட்டியது இதுதான்: "வாயாடி, இனிமே நீ மட்டும்தான் பேசணும்னு நெனச்சியா?" அதே குரல். அதே கிண்டல். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுது தீர்த்தேன்.

அந்த லேப்டாப்புக்கும் கோளாறு இல்லாமல் இல்லை. அப்டேட் என்று சொல்லி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். "பாத்தீங்களா மாமா, எஜமான் கூப்பிட்டுட்டான்" என்று தம்பி இளிப்பான். பரிசோதனைக்காக நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு நாள், "நீங்க போயிட்டு வாங்க, நான் இதைக் கொஞ்சம் சரிபண்ணி வைக்கிறேன்" என்றான். நல்லதாப் போச்சு என்று விட்டுவிட்டுப் போனோம்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றான். "மாமா, இன்னைலேர்ந்து உங்களுக்கு விடுதலை! கம்பெனி சிஸ்டத்தைத் தொடைச்சு எடுத்துட்டு லினக்ஸ் போட்டுட்டேன். பட்டுன்னு ஓடும் பாருங்க."

அவர் உட்கார்ந்து எதையோ தட்டினார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வது மாதிரி ஒரு குரல், யாரோ ஒருத்தனுடையது, "என் குரல் எங்கே" என்று கேட்டது.

"பேசுறதுக்கு இதுலயும் ஒண்ணு இருக்கு மாமா. சுத்தமா இலவசம்."

"அவர் குரல் எங்கடா?" என்றேன்.

"எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன்க்கா. போட்டோ, பாட்டு, ஃபைலு, ஒண்ணு விடல."

"குரல்?"

அப்போதுதான் அவன் முகம் மாறியது. அவன் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஃபைல்களை மட்டும்தான் காப்பி எடுப்பார்கள். கம்பெனிக்காரன் புரோகிராம் குப்பை, அதற்கு நம்மிடம் மாற்று இருக்கிறது என்று அப்படியே அழித்துவிடுவார்கள். அவர் குரல் அந்தக் குப்பைக்குள் இருந்தது.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பழையதன் மேலேயே புதியதை எழுதியாகிவிட்டதாம். அந்தக் குரல் புரோகிராம் செய்த கம்பெனிக்குப் போன் போட்டால், குரல் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும், எங்களிடம் இருக்காது என்றார்கள். மறுபடி பதிந்துகொள்ளலாமாம். எந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு பதிவது? பழைய பதிவு ஏதாவது கிடைக்குமா என்று தேடினால், எங்கள் கல்யாண வீடியோவில்கூட அந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

தம்பி இன்டர்நெட்டில் தன் கூட்டத்திடம் யோசனை கேட்டான். வந்த பதில்களை எனக்கே படித்துக் காட்டினான். "பூட்டு போட்ட சாப்ட்வேர்ல குரலைக் கொண்டுபோய் வச்சது யார் தப்பு?" என்று ஒருத்தன். "இப்பவாவது புத்தி வந்தா சரி" என்று இன்னொருத்தன். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள்.

"நான் பண்ணதும் தப்புதான்க்கா. ஆனா அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. குரலைத் தனியா எடுக்கவே விடாம அந்தக் கம்பெனி பூட்டி வச்சிருந்துச்சு."

எனக்கு வந்ததே கோபம். "பூட்டி வச்சவன் பத்திரமா வச்சிருந்தான்டா, பாவி. தொறந்துவிட வந்த நீதான தொலைச்ச! அடிமைன்னு சொன்ன, சரி. அந்த அடிமைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில் அவரைப் பார்த்தான், அந்தப் பழைய இரக்கத்தோடு. நல்லவேளை, என் கையில் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் செய்தாள். தினமும் அப்பாவோடு பேசிவிட்டுத்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் வாயெடுப்பதற்குள் அவரே போனை வாங்கி லேப்டாப் பக்கத்தில் வைத்துத் தட்டினார்.

"நான்தாம்மா. சாப்பிட்டியா?" என்றது அந்த ரயில் நிலையக் குரல்.

"யாருங்க பேசறது?" என்றாள் மகள். "அம்மா எங்க?"

அவர் மறுபடி தட்டினார். "அப்பா."

"யாருங்க நீங்க? அப்பாவுக்கு என்னாச்சு?" அவள் குரல் நடுங்க ஆரம்பித்தது. "அம்மா! அம்மா!"

நான் போனைப் பிடுங்கினேன். "அப்பா நல்லா இருக்காருடி. பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்."

"பொய் சொல்லாதம்மா. நல்லா இருந்தா அவரைப் பேசச் சொல்லு."

அவர் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார்.