கூடத்து மரத்தின் தலை

குற்றாலத்தில் தில்லைநாயகம் பிள்ளையின் பங்களாவுக்கு ஊரார் வைத்த பெயர் மரத்து வீடு. மரம் வெளியே இல்லை. கூடத்துக்குள் ஒரு பாதிப் பீப்பாயில் நின்றது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊட்டியிலிருந்து முழ உயரத்தில் கொண்டுவந்து, போகும்போது விட்டுப்போன கன்று. பூக்காது, காய்க்காது. கோபுரம் போல அடுக்கடுக்காகக் கை நீட்டிக்கொண்டு வருஷம் பூராவும் பச்சையாக நிற்கும். பேர் தெரியாததால் ஊட்டி மரம் என்றார்கள். சாரலுக்கு வாடகைக்கு வரும் பெரிய மனிதர்கள் அதற்காகவே இந்த வீட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

அதைப் பேணுகிற வேலை உச்சிமாகாளிக்கு. புளியறைக்கு மேலே மலைத்தோட்டத்தில் உழைத்து, காய்ச்சலுக்கு உடம்பைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியவன். மண்வெட்டி பிடிக்கத் தெம்பில்லை. மண் காய்ந்தால் தண்ணீர் விடுவான், ஈரத்துணியால் தூசி துடைப்பான், மரம் சன்னல் பக்கம் சாயாதபடி பீப்பாயை அவ்வப்போது திருப்பி வைப்பான். இதற்குப் பிள்ளை கொடுத்தது பின்கட்டில் ஓர் அறை. அவனுக்கும் மாடத்திக்கும் தலை சாய்க்க உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

மரத்துக்குக் கூடம் போதவில்லை. பங்குனியில் உச்சி மேலே மச்சுப் பலகையைத் தொட்டது, சித்திரையில் வளைந்தது. பிள்ளை தென்காசியிலிருந்து வில்வண்டியில் வந்து பார்த்தார்.

"என்னலே இது, கூன் விழுந்த கெழவன் மாதிரி நிக்கி?"

"மச்சு இடிக்கி ஐயா. வெளிய மண்ணுல எறக்கிட்டா..."

"வெளிய நிக்கதுக்கு மலை முழுக்க மரம் கெடக்கு. கூடத்துல நிக்கதாலதாம்லே இதுக்கு மருவாதி. ஆனி பொறக்கதுக்குள்ள நிமுந்து நிக்கணும். இல்லன்னா நீயும் ஒம் பொண்டாட்டியும் வேற எடம் பாத்துக்கிடுங்க."

வண்டி மறைந்ததும் மாடத்தி சொன்னாள்: "இதுக்குப் போயி ஏன் மோட்டப் பாத்துக்கிட்டு நிக்கீரு? முருங்கைய ஒடிச்சாத்தான தளுக்கும்? மொளகாச் செடியக் கிள்ளுனாத்தான பக்கக் கெள வெடிக்கும்? அறுத்து விடும்."

அவனுக்கும் அது ஞாயமாகப் பட்டது. பிறந்ததிலிருந்து கண்ட செடியெல்லாம் அப்படித்தான். ஏணி போட்டு ஏறி உச்சியை அறுத்தான். வெட்டுவாயில் பிசின் முத்து முத்தாகத் திரண்டது.

தளிர் வரும் வரும் என்று பார்த்தான். வரவில்லை. பக்கக் கைகள் படுத்தபடியே கிடந்தன. ஒன்றுகூட எழுந்து தலையாக நிற்கச் சம்மதிக்கவில்லை. அறுத்த உச்சியை மாடத்தி தண்ணீர்ச் சட்டியில் போட்டிருந்தாள். அது மட்டும் வாடாமல் பச்சையாக இருந்தது.

"ஏட்டி, முண்டமால்லா நிக்கி. பாத்தாருன்னா தொலைஞ்சோம்."

"முண்டத்துக்குத் தலைய வச்சிருவோம். தலையோட அடித்தண்டுல ஒரு சாண் கழிச்சிட்டு வச்சுக் கட்டும். மச்சும் இடிக்காது."

வாழைநாரால் இறுகக் கட்டி, சாணியும் களிமண்ணும் அப்பி, மேலே பாறைப்பாசியைச் சுற்றினார்கள். மரம் நேராக நின்றது.

"பரவால்லியேலே!" என்றார் மறுபடி வந்து பார்த்த பிள்ளை. "எப்பிடி நிமித்துன?"

"குத்தாலநாதர் கிருபை ஐயா."

"அவருக்கு வேற சோலி இல்ல பாரு," என்று சிரித்துக்கொண்டே போனார்.

வாரங்கள் போயின. தலை பச்சையாகவே இருந்தது. பயந்து கட்டியவன், ஒட்டிவிட்டது என்றே நம்பத் தொடங்கினான். மாடத்தி அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

சாரல் இறங்கியது. ஒருநாள் காலையில் தூசி துடைக்கும்போது உச்சி வெளிறியிருந்தது. பிடித்துப் பார்த்தான், கையோடு ஆடியது. திரும்பக் கட்டினான். பயத்தில் தண்ணீரை ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான். பீப்பாய் மண் நாறியது. அடுக்குக் கைகளும் ஒவ்வொன்றாகத் தொங்கின.

வாடகைக்கு வருகிறவர்களின் சாமான் வண்டியோடு பிள்ளையும் வந்தார். சருகாகிவிட்ட தலையை எட்டித் தொட்டார். அது பாசியோடு கழன்று வந்தது.

"கட்டி வச்சாலே என்னைய ஏய்ச்சே?"

உச்சிமாகாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது. அடித்தால் கோபம் அதோடு இறங்கும். அவர் அடிக்கவில்லை.

"ரெண்டு நாளு பொறுத்தா, ஐயா... அவ காலு வீங்கிக் கெடக்கு..."

"அறைய இப்பவே ஒழி. வாரவியளோட சமையக்காரன் தங்கணும்."

சமையற்காரர் சேக் தாவூது டிரங்குப் பெட்டியோடு அறைவாசலுக்கு வந்தபோது உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டை கட்டியாகிவிட்டது. பாயும் ஒரு செம்பும்தான். அவர் பெட்டியை வெளியிலேயே இறக்கினார்.

"கஞ்சி வேகட்டும் ஆச்சி. குடிச்சிட்டே போங்க. நா இங்கன நிக்கேன்."

வெளியே சாரல் நிற்பதாக இல்லை. தலை நிறைய எண்ணெயோடு ஒரு கூட்டம் அருவிக்குக் கூச்சல் போட்டுக்கொண்டு போனது.

கஞ்சி வெந்ததும் மழையில் இறங்க வேண்டும். மாடத்தி வீங்கின காலை நீட்டி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த விறகில் ஒன்றை மெல்ல வெளியே இழுத்தாள். தீ இறங்கியது. உச்சிமாகாளி அதைப் பார்த்தான். குனிந்து இன்னொன்றை இழுத்தான்.