கையெழுத்துக்குக் காத்திருந்த மனு

சட்டம் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் பாஸ்தோ நகரத்தில் எல்லோரிடமும் எனக்குச் சொல்ல ஒரு யோசனை இருந்தது. நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் லிபார்தோ மாமா, "கோர்ட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காத ஐடா. பத்திரம் எழுது. மழையோ வெயிலோ, உள்ளயே உக்காந்துக்கலாம்" என்றார். என் அறைத்தோழி நூர்பி, "இங்கிலீஷ் படிச்சுட்டு பொகோட்டாவுக்கு ஓடிடு" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள்கூட, "வக்கீலுக்குக் குரல் கணீர்னு இருக்கணுமே, உனக்குக் கீச்சுன்னு இருக்கே" என்று கவலைப்பட்டாள்.

எனக்கு வேண்டியிருந்தது யோசனை அல்ல, ஒரே ஒரு கையெழுத்து.

கடைசி வருடத்தில் நாங்கள் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்தில் வேலை செய்தாக வேண்டும். அதில் தேறாமல் பட்டம் கிடையாது. மனுவை மாணவர் எழுதுவார், மேற்பார்வை வக்கீல் படித்துக் கையெழுத்திடுவார். என் மேற்பார்வையாளர் டாக்டர் செர்வியோ சமோரோ. எங்கள் ஊரில் ஊசி போடுகிறவரும் டாக்டர்தான், வாதாடுகிறவரும் டாக்டர்தான். சமோரோ இரண்டையும் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த வழக்கு மெலிடா துல்கான் அம்மாவுடையது; எங்கள் ஊர் மரியாதையில் டோன்யா மெலிடா. சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவர். மகள் டைராவுக்குப் பதினான்கு வயது, சக்கர நாற்காலி. அந்த வருடம் அவளுடைய வகுப்பை மூன்றாவது மாடியில் போட்டிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. மெலிடாவின் தம்பி தினமும் காலையில் அவளை முதுகில் சுமந்து ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடுவார். மதியம் வந்து இறக்குவார். நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வழியில்லை. அதனால் அந்தப் பெண் காலையில் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கீழ ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு டாக்டரம்மா" என்றார் மெலிடா. "உடைஞ்ச பெஞ்சு எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. அத காலி பண்ணுங்கன்னா, அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கிறாரு ஹெட்மாஸ்டர்."

இதற்கென்றே எங்கள் நாட்டில் துத்தேலா என்ற மனு இருக்கிறது. அடிப்படை உரிமை பறிபோனால் நேராக நீதிபதியிடம் கேட்கலாம், பத்து நாளுக்குள் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அன்று மாலையே எழுதி முடித்து சமோரோவின் மேசையில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பக்க ஓரத்தில் போதிய இடம் விடவில்லையாம். திருத்திக் கொடுத்தேன். அடுத்த முறை, மேற்கோள்கள் போதவில்லை. பதினோரு பக்கம் ஆக்கிக் கொடுத்தேன். நீளமாக இருக்கிறது, சுருக்கு என்று வந்தது. சுருக்கினேன். அதற்குள் அவர் ஏதோ மாநாட்டுக்காகக் கடற்கரை ஊரான கார்த்தஹேனாவுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. மனு மட்டும் அப்படியே இருந்தது.

"டாக்டர், இந்த மனுவுக்கு வக்கீலே வேண்டாம். அவங்களே நேராப் போய்க் குடுக்கலாம்னு சட்டத்திலயே இருக்கே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டார். "அப்போ நாம எதுக்கு இருக்கோம், எராசோ?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மையத்துக்கு வந்தவர்களை மையத்துக்கு வெளியே வழிநடத்தக் கூடாது என்பது விதி. மீறினால் அந்தப் பாடத்தில் தோல்வி.

அந்த வியாழக்கிழமை, கடைசி வருட மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் கூட்டம். வருகை கட்டாயம். பேசியவர் சமோரோவேதான். திரையில் பெரிய எழுத்தில் 'நேரமே வழக்கறிஞரின் மூலதனம்' என்று போட்டிருந்தார். நல்ல ஷூ போடுங்கள், பெரிய மனிதர்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்சிக்காரரைக் காக்க வைக்காதீர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் காது சூடானது. கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கிவிட்டேன்.

"டாக்டர், டோன்யா மெலிடாவோட மனு எப்ப கையெழுத்தாகும்?"

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நூர்பி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"கேள்வி தொழில் ஆலோசனையப் பத்தி இருக்கட்டும், எராசோ."

"இதுவும் அதப் பத்தினதுதான் டாக்டர்."

அவர் அடுத்த கையைப் பார்த்தார். அடுத்தவன் டை எந்த நிறத்தில் கட்டலாம் என்று கேட்டான். அதற்கு விரிவான பதில் கிடைத்தது.

வெளியே வந்ததும் நூர்பி பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா? இன்னும் ஒரு செமஸ்டர் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாதா? பட்டம் வாங்கிட்டு அப்புறம் ஊரைக் காப்பாத்து."

"அந்தப் பொண்ணு அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருக்கணுமா?"

"நீ பண்ற கூத்துல அவளுக்குத் தண்ணி கெடச்சிடுமாக்கும்!"

கோபம் வந்தாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அடுத்த திங்கள்கிழமை பெருமழை. மெலிடா நனைந்த சால்வையோடு மையத்துக்கு வந்தார். உட்காரவில்லை. படிக்கட்டு ஈரத்தில் தம்பிக்குக் கால் வழுக்கி, இருவரும் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள். டைராவின் முகவாயில் தையல். தம்பிக்கு மணிக்கட்டு முறிவு.

"இனிமே தூக்கவும் ஆளில்ல" என்றார். "பள்ளிக்கூடத்தவிட்டு நிறுத்திடட்டுமா? நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க சொல்றதக் கேட்டுத்தான இத்தன நாள் பொறுத்துக்கிட்டேன்."

சமோரோவின் அறை பூட்டியிருந்தது. செயலாளரிடம் கேட்டேன். புதன்கிழமைதான் வருவாராம்.

நான் குடையை எடுத்துக்கொண்டேன். "வாங்க டோன்யா மெலிடா, கோர்ட்டுக்குப் போலாம். நீங்களே சொல்லுங்க, அவங்க எழுதிப்பாங்க. நான் கூட நிக்கிறேன், வாயத் தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்காமல் நிற்பதுதான் என் வாழ்க்கையிலேயே கடினமான வேலையாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், "சொல்லுங்கம்மா" என்றார். மெலிடா தன் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். பிரசவத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டு நாய்க்கு வந்தார். அங்கிருந்து மாமியாருக்குப் போனார். படிக்கட்டைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எழுத்தர் பாவம், பொறுமையான மனிதர். "பொண்ணு எத்தனாவது மாடியில படிக்குது? கீழ ரூம் இருக்கா? ஹெட்மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். முடிந்ததும் மெலிடா கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து, "இதுக்கு வழி காட்டினது சட்ட உதவி மையத்து டாக்டரம்மா ஐடாதான், அதையும் எழுதுங்க சார்" என்றார்.

எழுத்தர் அதையும் எழுதினார்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. வகுப்பு உடனே தரைத்தளத்துக்கு மாற வேண்டும், சக்கர நாற்காலி போகக் கழிப்பறைக்குச் சரிவுப் பாதை போட வேண்டும். அதே வாரம் எனக்கும் முடிவு வந்தது. மைய விதியை மீறியதற்காகத் தோல்வி. ஒரு செமஸ்டர் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால் சில நாள் கழித்துக் கல்லூரி வாசலில் பெரிய அறிவிப்பு மாட்டினார்கள். 'மாற்றுத்திறனாளி மாணவியின் கல்வி உரிமையை மீட்டது நமது சட்ட உதவி மையம்.' நடுவில் சமோரோவின் படம், நல்ல ஷூவோடு. கீழே நின்று இரண்டு முதல் வருடப் பையன்கள் வாயைப் பிளந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

நேராக அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"டாக்டர், அது மையத்தோட வெற்றின்னா நான் ஏன் ஃபெயில்?"

"அது வேற, இது வேற."

"நான் மையத்துக்கு வெளிய செஞ்சேன்னு ஃபெயில் போட்டீங்க. வெளிய செஞ்சது எப்படி மையத்தோடது ஆகும்? ரெண்டுல ஒண்ணு பொய்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "உனக்கு நல்ல வாதத் திறமை இருக்கு" என்றார். "ஆனா ஒரு ஆலோசனை சொல்றேன், கேட்டுக்கோ. எந்த எடத்துல வாதாடக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் பெரிய வக்கீல் ஆவான்."

கல்லூரிக் குழுவுக்கு மேல்முறையீடு செய்தேன். இரண்டே வரியில் நிராகரித்தார்கள். டிசம்பரில் நூர்பி மேலங்கியும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, காலி என்ற நகரத்தில் ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தாள். அம்மா அந்த விழாவுக்கென்று தைத்து வைத்திருந்த உடையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

விடுமுறைக்குச் சற்று முன்பு டைராவைப் பார்க்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். புது அறையில் ஈர வாடை அடித்தது. உடைந்த பெஞ்சுகளை வராந்தாவில் குவித்திருந்தார்கள். டைரா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். முகவாயில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"எப்படி இருக்கு ரூம்?"

மூக்கைச் சுளித்தாள். "மேல இருந்தப்ப ஜன்னல்ல கலேராஸ் எரிமலை முழுசாத் தெரியும். புகை விடுறதக்கூடப் பாக்கலாம். இங்க சுவருதான் தெரியுது."

இதற்குத்தானா ஒரு செமஸ்டரைத் தொலைத்தேன் என்று ஒரு கணம் எரிச்சலாகவே வந்தது. அதற்குள் அவளுடைய கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். "இருங்கக்கா, எங்க டீம் ஆடப்போகுது" என்று சரிவுப் பாதையில் அவள் இறங்கிய வேகத்தைப் பார்த்து ஆசிரியை ஒருத்தி அலறினாள்.

ஜனவரியில் மையத்துக்கு மறுபடி பதிவு செய்யப் போனேன். மேற்பார்வையாளர்களில் சமோரோவிடம் மட்டும்தான் இடம் காலி இருந்தது. என் பெயரை எழுதினேன். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது. வேறொரு தாள் கேட்டு வாங்கி, மறுபடி எழுதினேன்.