பனங்கட்டியும் வலது கண்ணும்

என் மனுசன் கதிரவேலின் கண் ஒப்பரேசனை இரண்டாம் முறையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். முதல் முறை இரத்தத்தில் சீனி இருநூற்றெண்பது. இந்த முறை முந்நூற்றுப் பத்து. இருநூற்றுக்குக் கீழே வராமல் கண்ணில் கை வைக்க ஏலாது என்று டாக்டர் சொல்லி, ஆறு கிழமை கழித்து வரும்படி துண்டில் எழுதித் தந்தார்.

கதிரவேல் படகு இஞ்சின் திருத்துகிறவர். திருகோணமலைக் கரையில் எந்த இஞ்சின் இருமினாலும் சத்தத்தை வைத்தே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் திருகாணியைப் பூட்டக் கண் வேண்டுமே! இடது கண்ணைப் பத்து வருசத்துச் சீனி வருத்தம் ஏற்கெனவே தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது வலது கண்தான். அதிலும் புரை விழுந்து, புகைக்குள் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார். அதுவும் போனால் எங்கள் கதை முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி எங்கள் இரண்டு பேரையும் இறக்கி விட்டிருப்பான், அவ்வளவு கோபம். நாலு மாதமாக என் வீட்டில் ஒரு மணி சீனி கிடையாது. பிஸ்கட் இல்லை, பாயசம் இல்லை, மகள் தேனுகாவின் பிறந்தநாளுக்குக் கேக் கூட வெட்டவில்லை. அப்படியிருக்க முந்நூற்றுப் பத்து எங்கேயிருந்து வந்தது? மனுசன் எங்கேயோ களவாகத் தின்கிறார். வேறென்ன?

அன்று பின்னேரமே விசாரணையைத் தொடங்கினேன். சட்டைப் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு திருகாணிகளும் எண்ணெய்த் துணியும்தான் விழுந்தன. மீன் இறங்கும் துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஸுஹைரிடம் போய், என் மனுசனுக்கு இனிப்பு வாய்ப்பன் பலகாரம் கொடுக்கிறாயா என்று நேரடியாகவே கேட்டேன். பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோனான். அண்ணன் மாதக்கணக்காகச் சீனி இல்லாமல்தான் குடிக்கிறார், தட்டில் வாய்ப்பன் வைத்தாலும் தள்ளி விடுகிறார் என்று அல்லாவின் பெயரால் சத்தியம் செய்தான். எனக்குக் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு கீர்த்தனி வீட்டுக்குப் போனேன். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலேதான் இருக்கிறாள். கிளினிக்கில் நேர்ஸாக வேலை. நல்ல பிள்ளை. என்னென்ன சமைக்கிறேன் என்று கேட்டாள். நான் விடுவேனா? குரக்கன் புட்டு, பாவற்காய், முருங்கையிலை என்று பெருமையாக ஒப்புவித்தேன். தேத்தண்ணிக்கும் சீனி போடுவதில்லை, கடித்துக் குடிக்கப் பனங்கட்டிதான், திரியாயிலிருந்து அக்கா அனுப்புகிறா, மரத்திலிருந்து வருகிற சுத்தமான சாமான் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்றாள். விடிய இரண்டு, மத்தியானம் இரண்டு, பின்னேரம் இரண்டு. மருந்துபோல நேரம் தவறாமல் என் கையாலேயே உடைத்துக் கொடுக்கிறேன் என்றேன்.

கீர்த்தனி விரல் மடித்து ஆறு என்று எண்ணினாள்.

“யோகம் அக்கா, பனங்கட்டியும் சீனிதான். உடம்புக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது.” பிறகு தயங்கித் தயங்கி அவரைப் பார்த்தாள். “போன மாசம் அண்ணைக்கு இதைச் சொன்னனானே.”

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது. அவர் குசினிக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“தெரிஞ்சுமா திண்டனீங்கள்?”

“ஓம்.” நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சீனியை நிப்பாட்டின நாளிலயிருந்து நீ என்னோட ஏச்சுத்தான். பனங்கட்டியை உடைச்சுத் தரேக்க மட்டும் பக்கத்தில இருந்து சிரிச்சுக் கதைச்சாய். அதை எப்பிடி வேண்டாம் எண்டுறது?”

“அப்ப இனிப்பு ஆசை இல்லையோ?”

“அதுவுந்தான்” என்றார்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடை கடையாகக் கள்ளனைத் தேடித் திரிந்தவள் நான். அவருடைய கண்ணுக்கு வைத்த நஞ்சு என் கையிலேயே இருந்திருக்கிறது. வெட்கத்தில் செத்துப் போகலாம் போலிருந்தது.

அடுத்த நாளே பனங்கட்டியை ஒழித்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல, அவர் மருந்தையும் மாற்றித் தந்தார். கீர்த்தனி சொன்னபடி அவித்த பயறில் கொஞ்சம் துருவிய தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் வறுத்த கச்சான் கடலை அரைக் கைப்பிடி, இன்னொரு நாள் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய பாதிக் கொய்யாக்காய். தேத்தண்ணிக்குள் ஒரு துண்டு கறுவாப்பட்டை. நானும் அதையேதான் குடித்தேன். முதல் ஐந்து நாளும் தொண்டையால் இறங்க மாட்டேன் என்றது. இனிப்பை விட இந்த மனுசன் படுகிற பாடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரும் சும்மா இருக்கவில்லை. சுள்ளென்று விழுந்தார், ஒரு நாள் திருகாணி முடுக்கும் சாவியைக்கூடத் தூக்கி எறிந்தார். நானும் இரண்டு தரம் நன்றாக ஏசிவிட்டேன். ஆனாலும் தேத்தண்ணி நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருக்க மறக்கவில்லை.

ஆறு கிழமை கழித்துச் சீனி நூற்று அறுபத்தெட்டு. வருகிற வெள்ளிக்கிழமை ஒப்பரேசன் என்று துண்டு தந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு இளம் தகப்பன், பெண்பிள்ளை பிறந்திருக்கிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் கையிலும் ஒன்றை வைத்தான். பிள்ளை பிறந்த இனிப்பை எப்படி மறுப்பது? எனக்கும் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பாதியாக உடைத்து, இன்றைக்கு மட்டும் என்று அவர் வாயருகே கொண்டுபோனேன்.

அவர் லட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

“வேண்டாம், யோகம்.”

முப்பத்தொரு வருசத்தில் என் கையால் கொடுத்த ஒன்றை அவர் வேண்டாம் என்றது அதுதான் முதல் தரம். நடு வாசல் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், கோபமோ என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பிடித்த கையை விடாமல் பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.